ஆயா ஆட்டமும் பள்ளிக்கூட ஆட்டமும்

சிறு வகுப்பை முதன்முதலாக ஏற்றிருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். ஐந்து வயதுக் குழந்தை ஒரு வரிசையைப் பார்த்து, அதில் எது எந்த முறையில் திரும்ப வருகிறது என்று தானே கண்டுகொள்ளவும், பிறகு அத்தகைய ஒழுங்கு ஒன்றைத் தானே அமைக்கவும் எவ்வாறு பழக்குவது என்று கேட்டார். நான் விடை சொல்லத் தக்கவன் என்று அவர் நம்பியதற்குக் காரணம், பள்ளி ஆய்வாளர் ஒருவர் முன்னொரு காலத்தில் என்னைப் பற்றி எழுதிய ஒரு குறிப்பு. அது என் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜொகூர் முழுவதும் சுற்றிவந்திருக்கிறது. அதில் உள்ள புகழ் எனக்கு உரியதன்று. அது என் கைக்கு வந்த விதத்தைச் சொல்வதே அவருடைய கேள்விக்கு நான் தரக்கூடிய நேர்மையான விடை. என் பொறாமையைப் பற்றிய பகுதியைச் சுருக்கச் சொல்லாதீர்கள். பாடம் அதில்தான் இருக்கிறது.

செனாய்க்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான் ஒருவனே ஆசிரியன். ரப்பர் விலை விழுந்து எல்லாத் தோட்டங்களிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தொரை என்று எல்லாரும் அழைத்த வெள்ளைக்கார நிர்வாகி, அலுவலக எழுத்தரான கிராணியார் மூலம் எனக்குச் செய்தி அனுப்பினார். இரண்டு மாதத்தில் பள்ளி ஆய்வாளர் வருவார். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றும் கற்கவில்லை என்று அவர் கண்டால், அவர்கள் ஏழு வயது வரை ஆயாக் கொட்டகையிலேயே இருக்கட்டும். எஞ்சும் பதினெட்டுப் பேரை அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பது அச்செய்தி. சுருங்கச் சொன்னால், சிறு வகுப்பு தோற்றால் என் பள்ளி இல்லை.

ஆயாக் கொட்டகை என்பது, விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் தம் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். என் பள்ளிக்கும் அதற்கும் ஒரே அத்தாப்பு ஓலைக் கூரைதான்; நடுவே இடுப்பளவு மூங்கில் தட்டி. அங்கே ஆயாவாக இருந்தவர் பெயர் அஞ்சலை. முப்பது வயதிருக்கும். பால்வெட்டும் கத்தி வலக்கையில் இறங்கி இரண்டு விரல்கள் மடங்காமல் போனதால், வெட்டிலிருந்து கொட்டகைக்கு மாற்றப்பட்டவர். தம் பெயரை எழுதத் தெரியாதவர்.

நானோ பதிகங்களிலும் அந்தாதிகளிலும் ஊறி வளர்ந்தவன். வீட்டில் ஒரு சீர் பிறழ்ந்தால் பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை பிறழ்ந்தால் அன்று காலை உணவு இல்லை. இறைவனுக்குச் சாத்தும் மாலையில் வாடிய பூ இருக்கலாகாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முறை. அந்த முறையையே நான் பள்ளிக்குக் கொண்டுவந்தேன். காலையில் நாற்பது குரல்கள் ஒரு பதிகத்தைப் பிழையின்றிப் பாடி முடிக்கும். பிழை செய்த குரல் எதுவென்று என் செவிக்குத் தெரியும். பிரம்புக்கும் தெரியும்.

ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து வந்த தாளில், எண் கற்பிக்குமுன் சிறு குழந்தைகளுக்குப் பொருள்களைக் கொண்டு ஒழுங்குகளை அறியவும் அமைக்கவும் பழக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு அது எளிதாகவே பட்டது. சந்தம் என்பதே திரும்ப வரும் ஒழுங்குதானே? ரப்பர் விதைகளையும் சரளைக் கற்களையும் கூடையில் எடுத்துவரச் செய்தேன். விதை, கல், விதை, கல் என்று பலகையில் அடுக்கி, அதைப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுத்தேன். கைதட்டலோடு பாடினார்கள். பத்து நாளில் இருபத்திரண்டு குழந்தைகளும் ஒரே தாளத்தில் விதை, கல், விதை, கல் என்று சொல்லி, சொன்னபடியே அடுக்கினார்கள். பிழை இல்லை. நான் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியைத் தட்டிக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சிரிப்பொலி கெடுத்தது.

பள்ளி விட்டதும் என் சிறு வகுப்புப் பிள்ளைகள் தம்பி தங்கைகளோடு இருக்கக் கொட்டகைக்கு ஓடிவிடுவது வழக்கம். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அஞ்சலை தரையில் அமர்ந்து, மடங்காத விரல்களால் விதைகளைத் தள்ளித் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார். விதை, விதை, இலை. விதை, விதை, இலை. விதை, இலை.

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பொன்னி என்ற ஆறு வயதுச் சிறுமி, என் வகுப்பில் வாயே திறவாதவள், குதித்தெழுந்து, "ஆயா பொய் சொல்லுது, ஆயா பொய் சொல்லுது" என்றாள்.

"நானா? எங்கடி சொன்னேன் பொய்? காட்டு பாப்போம்."

"இங்க. இங்க ஒரு வெதை காணோம்."

"அட, ஆமா. எலி தூக்கிட்டுப் போயிருக்கும். சரி, நீ ஒரு பொய் சொல்லு. நான் கண்டுபிடிக்கிறனான்னு பாக்கலாம்."

பொன்னி வரிசை ஒன்றை அமைத்தாள். விதை, இலை, இலை, காம்பு; மறுபடியும் அதுவே; மூன்றாவது முறை எங்கோ ஒன்றை மாற்றிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு உறுப்புள்ள ஒழுங்கு. நான் கற்பித்தது இரண்டு.

அந்தக் கணத்தில் என்னுள் எழுந்ததை நான் அப்போது அறச்சீற்றம் என்று எண்ணினேன். பிள்ளைகள் முன்னே வேண்டுமென்றே பிழை செய்வதா? பொய் என்ற சொல்லை விளையாட்டாக்குவதா? ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் என் நெஞ்சில் ஓடியது பொன்னியின் குதிப்பு ஒன்றே. அவள் என்னிடம் ஒருபோதும் அப்படிக் குதித்ததில்லை. அவளுக்கு எழுத்தறிவித்தவன் நான். பதிகம் கற்பித்தவன் நான். என் வகுப்பில் மரத்தூண் போல் நின்றவள், கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியிடம் போய் மலர்கிறாள்.

பொறாமை தன் பெயரில் வருவதில்லை. கடமையின் பெயரில் வரும். மறுநாள் கிராணியாரிடம் போய், ரப்பர் விதை நஞ்சு என்றும், கொட்டகையில் பச்சைக் குழந்தைகள் நடுவே ஆயா அதைப் பரப்பி வைத்திருக்கிறார் என்றும், ஒரு குழந்தை வாயில் போட்டால் பழி தோட்டத்தின் மேல்தான் விழும் என்றும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அன்று மாலையே கொட்டகையின் விதைகளையெல்லாம் கூட்டி ஓடையில் கொட்டச் செய்தார்கள்.

அஞ்சலை தட்டிக்கு அருகில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை.

"வாத்தியாரையா, ஒண்ணு கேக்கலாங்களா? ஒங்க கூடையில இருக்கிற வெதைக்கு மட்டும் வெஷம் இல்லீங்களா?"

பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்கள், அறிவுடையவர்கள் என்று ஏதோ சொன்னேன். "அதுவும் சரிதான்" என்று அவர் போய்விட்டார். அடுத்த நாள் தட்டிக்கு அப்பால் மீண்டும் சிரிப்பு. விதைக்குப் பதில் காம்பும், உடைந்த தேங்காய்ச் சிரட்டையும். விதையைத்தான் என்னால் எடுக்க முடிந்தது.

ஆய்வாளர் வந்தார். தமிழர், ஜொகூர் பாருவிலிருந்து இரயிலில் வந்து, தொரையின் காரில் தோட்டத்துக்கு வந்தவர். அதிகம் பேசாதவர். பதிகத்தைக் கேட்டுத் தலையசைத்தார். பின்பு சிறு வகுப்பின் முன்னால் பாயில் சம்மணமிட்டு அமர்ந்தார். என் பிள்ளைகள் விதை, கல், விதை, கல் என்று பாடி அடுக்கிக் காட்டினார்கள். அவர் புன்னகைத்தார். தொரையும் கிராணியாரும் வாயிலில் நின்றார்கள்.

பிறகு ஆய்வாளர் தம் கையால் அடுக்கினார். விதை, விதை, கல். விதை, விதை, கல். அடுத்து எது என்று ஒரு சிறுவனைக் கேட்டார். சிறுவன் என்னைப் பார்த்தான். விதை, கல், விதை, கல் என்று பாடத் தொடங்கினான். மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். பலகையில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. ஆய்வாளர் இன்னொரு சிறுமியைக் கேட்டார். அதே பாட்டு. மூன்றாவது குழந்தை. அதே பாட்டு. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கண் முன்னே பள்ளி மூடிக்கொண்டிருந்தது.

நான்காவதாகப் பொன்னியைக் கேட்டார். அவள் பாடவில்லை. வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"ஐயா, இது ஆயா ஆட்டமா, பள்ளிக்கூட ஆட்டமா?"

அவள் கேட்டது என்னை. ஆய்வாளரும் என் முகத்தையே பார்த்தார். பள்ளிக்கூட ஆட்டம் என்று சொன்னால் அவளும் பாடுவாள், பள்ளி போகும். ஆயா ஆட்டம் என்று சொன்னால் பள்ளி பிழைக்கும், என் பெருமை போகும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளி போனாலும் போகட்டும் என்று ஒரு நொடி எண்ணினேன். அந்த ஒரு நொடிக்காகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

"ஆயா ஆட்டம்" என்றேன்.

அதன்பின் நடந்ததை என்னால் வருணிக்க இயலாது. இருபத்திரண்டு பிள்ளைகளும் பாயின் நடுவே வந்துவிட்டார்கள். ஆய்வாளரின் வரிசையைத் தொடர்ந்தார்கள். அவருக்கே ஒரு வரிசை அமைத்து, நடுவில் ஒன்றை மாற்றி வைத்து, பொய்யைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தேடினார். கண்டதும் அவர்கள் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

எழுந்தவர் என்னிடம் கேட்டார். "மிக நல்ல முறை. யார் இந்த ஆயா?"

தட்டிக்கு அப்பால் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை நின்றார். எனக்கு அவரைக் காட்ட ஒரு விரல் போதும்.

"பக்கத்துக் கொட்டகையில் இருப்பவர். என் சொற்படி, என் மேற்பார்வையில் பிள்ளைகளை விளையாட வைப்பார்" என்றேன்.

அஞ்சலை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார். ஆய்வாளர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் குறிப்பு அதுதான்.

அந்த வாக்கியம் எங்கே போய் முட்டும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தொரை அதைப் படித்துவிட்டு மிகச் சரியான முடிவுக்கு வந்தார். சிறுவர்களை வாத்தியாரே பார்த்துக்கொள்கிறார். கொட்டகையில் மிஞ்சுவது தொட்டில் குழந்தைகள்தாம். அதற்குத் தனி ஆள் தேவையில்லை, பேறுகாலம் முடிந்து வீட்டில் இருக்கும் பெண்கள் முறைவைத்துப் பார்க்கட்டும். ஆயா மாத முடிவில் களை கொத்தும் புல்வெட்டு வேலைக்குப் போகட்டும். மடங்காத இரண்டு விரல்களோடு மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பிடிக்க முடியாதவர்களை அந்தக் காலத்தில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை இந்த நாட்டில் பிறந்தவர். அவருக்கு ஊர் என்று ஒன்று இல்லை.

கிராணியாரிடம் இதைப் பற்றி இலேசாகப் பேச்செடுத்தேன். அவர் கண்ணடித்தார். "சும்மா இருங்க வாத்தியாரே. வாய தொறந்தா ரெண்டு பேருக்கும் கெடுதல். மூடிக்கிட்டா ஒருத்தருக்காச்சும் நல்லது. அது நீங்களா இருக்கறதுல ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

சும்மா இருந்தேன். இன்னும் சொன்னால், உள்ளூர ஓர் அமைதியும் இருந்தது. இனி தட்டிக்கு அப்பால் சிரிப்பு இராது. அந்த ஆட்டம் இனி என்னுடையது.

அதை நான் வகுப்பில் ஆடிப் பார்த்தேன். பாயில் அமர்ந்தேன். விதை, விதை, கல் என்று இரண்டு முறை அடுக்கி, மூன்றாம் முறை ஒரு விதையை விட்டுவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேன். ஆயா செய்ததை அப்படியே செய்தேன்.

ஒருவரும் பேசவில்லை.

"என்ன, சரியாக இருக்கிறதா?" என்றேன். சரியாக இருக்கிறது ஐயா என்று எல்லாரும் ஒரே குரலில், பதிகம் சொல்வதுபோல் சொன்னார்கள். அவர்களுக்குப் பிழை தெரிந்திருந்தது. கண்கள் அந்த இடத்தில்தான் நின்றன. வாத்தியார் பிழை செய்தார் என்று சொல்ல ஒரு குழந்தைக்கும் துணிவில்லை. பொன்னி மட்டும், நான் வேறு பக்கம் திரும்பியபோது, கையை மெல்ல நீட்டி, விடுபட்ட இடத்தில் ஒரு விதையை வைத்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவள் உள்ளங்கையை நீட்டினாள். பிரம்புக்காக.

களவாடிய பொருள் கையிலேயே செத்துக் கிடந்தது. அஞ்சலையிடம் இருந்தது விதையுமல்ல, ஆட்டமுமல்ல. அவர் முன்னால் ஒரு குழந்தை தவறலாம். அவர் தவறினால் குழந்தை சொல்லலாம். ஒழுங்கை அறிவது என்பதே அது குலைந்த இடத்தை அஞ்சாமல் காட்டுவதுதான். அதை என் வகுப்பில் நானே அடித்து ஒடுக்கியிருந்தேன். இதைப் புரிந்துகொண்டபோதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமன்று. இன்னும் கூடுதலான பொறாமை.

ஆய்வாளருக்குக் கடிதம் எழுத அமர்ந்தேன். முதற்படியில், ஆயாவும் எனக்கு உதவினார் என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில், நானும் ஆயாவும் சேர்ந்து என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மூன்றாவதில், தாங்கள் கண்டது முழுவதும் அஞ்சலை என்பவருடையது, அதில் எனக்குப் பங்கில்லை, நான் தங்களிடம் பொய் சொன்னேன் என்று எழுதிமுடிக்கும்போது மாத முடிவுக்கு ஆறு நாளே இருந்தது. அதன் படியொன்றைத் தொரைக்கும் கொடுத்தேன். பள்ளி போகலாம் என்று தெரிந்தே கொடுத்தேன். கிராணியார் என்னைப் பித்தனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அஞ்சலையிடமும் சொன்னேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாங்களே ஐயா. நான் அங்கதானே நின்னேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆய்வாளர் தாமே மீண்டும் வந்தார். என்னோடு அதிகம் பேசவில்லை. தொரையோடு நெடுநேரம் பேசினார். பள்ளி இருக்கும், ஆயாவும் இருப்பார். ஆனால் நாள்தோறும் ஒரு மணி நேரம் அஞ்சலை சிறு வகுப்பில் அமர்ந்து நடத்த வேண்டும், ஆசிரியர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பழைய குறிப்பை அவர் திருத்தவும் செய்தார். புகழ்ந்த குறிப்பு பரவியது, திருத்தம் பரவவில்லை. உலகியல்பு.

அந்த ஒரு மணி நேரத்தைப் போல் என்னை வாட்டியது வேறெதுவும் இல்லை. என் பள்ளியில், என் பாயில், என் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்திருக்க நான் ஓரமாக அமர்ந்திருப்பேன். பொறாமை குறைந்தது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அது என் பக்கத்தில் அமர்ந்து பாடம் கேட்கப் பழகிக்கொண்டது, அவ்வளவே. பிரம்பைக் கூரைச் செருகலில் வைத்தேன். ஆனாலும் பிள்ளைகள் என் பிழையைச் சொல்லவில்லை. விதையில் நான் வேண்டுமென்றே தவறினால் அது ஏதோ சோதனை என்று எண்ணி வாயடைத்துப்போனார்கள்.

ஒரு நாள் அஞ்சலை எல்லார் முன்னும் சொன்னார். "வாத்தியாரையாவுக்கு வெதை சரிப்படாது. அவருக்குத் தெரிஞ்சதுல ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது பதிகம் ஒன்றே. இறைவன் பாட்டை வேண்டுமென்றே பிழையாகப் பாடுவதா? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் காலை வணக்கத்தில் நாற்பது பேரும் கைகூப்பி நிற்க, நான் முதற்குரல் கொடுத்தேன். நான்காம் பாட்டின் ஈற்றடியை ஐந்தாம் பாட்டில் வைத்துப் பாடினேன். என் நா தடுமாறியது. பிள்ளைகளின் குரல் நின்றது. பின்வரிசையில் ஒரு பெரிய பையன் குனிந்துகொண்டான்.

அப்போது முன்வரிசையிலிருந்து பொன்னி என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் தடுமாற்றத்தைக் கண்டிருப்பாள்.

"ஐயா தப்பு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு குதித்தாள்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். தட்டிக்கு அப்பாலும் சிரிப்பு கேட்டது. நான் பாட்டை முதலிலிருந்து தொடங்கினேன்.

அடியார்கள் எத்தனையோ பாடல்களில் தம் பிழையைப் பொறுக்குமாறு இறைவனை இறைஞ்சியிருக்கிறார்கள். அந்தப் பாடல்களை நான் நாள் தவறாமல், ஓர் எழுத்தும் பிறழாமல் பாடிவந்தேன். அன்று மாலை தோட்டத்துக் கோயிலில் நின்று மீண்டும் பாடும்போது, இறைவன்முன் எடுத்துச் செல்ல என் கையில் முதன்முறையாக ஒரு பிழை இருந்தது.